பத்தாவது ஜெனரேட்டர்

அத்தியாயம் பதினொண்ணு

ஒன்பது முடிச்சும் பாத்தாச்சு. ஒண்ணு கூட அவுந்திருக்கலை.

பூவத்தடி கெழக்குத் தெரு கடைசி வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள, ஒன்பதாவது ஜெனரேட்டர் முன்னாடி குந்திக்கிட்டிருந்த வைரக்கண்ணு, முழங்கால்ல கைய ஊனி எழுந்தான். ஒரு காலு சாணியில, ஒரு காலு டீசல்ல. புதுச் செருப்பு வேற.

"மேடம், இந்த ஒன்பது பேரும் டிக்கெட் எடுத்தவங்கதான். பத்தாவதா ஒருத்தன் டிக்கெட் இல்லாம ஏறியிருக்கான்."

மன்னார்குடி ரூட்டுல பதினோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன் வேற எப்படிப் பேசுவான். அந்த வேலைய விட்டுட்டு தஞ்சாவூர் கீழவாசல்ல பிரகதாம்பாளோட துப்பறியும் ஆபீசுல வந்து ஒட்டிக்கிட்டு அஞ்சு வருஷமாச்சு. பிரகதாம்பாள் யாருன்னா, கோர்ட்டுல இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்ட்டா இருந்தவங்க. அடுத்தவங்க சொன்ன பொய்யெல்லாம் டைப் அடிச்சு அடிச்சு வெரல் தேஞ்சவங்க. அதுனால ஒருத்தரு வாயத் தொறந்தாலே எந்த வார்த்தையில தடுக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

இன்னிக்கி அவங்க முகத்துல சிரிப்பே இல்லை. மணி மூணு. நாளைக்கிக் காலையில பத்து மணிக்கு எல்லாம் முடிஞ்சுபோயிடும்.

விஷயம் இதுதான். பூவத்தடி திருத்துறைப்பூண்டிக்கு உள்ளடங்கி இருக்குற ஊரு. இதையும் சேத்து பதினோரு ஊருக்குக் கரண்ட்டு குடுக்குறது ஊருக்காரங்களே நடத்துற மின் கூட்டுறவு சங்கம். முன்னாடி ஒரு பெரும் புயல்ல அடிபட்டுப் போயி, இருபத்தெட்டு நாளு இருட்டுல கெடந்தப்புறம், அவங்க பச்சை அட்டை போட்டு ஒரு புயல் நோட்டு தயார் பண்ணாங்க. புயல் அடிச்சா யாரு எங்க நிக்கணும், மாத்துக் கம்பம் எங்க அடுக்கியிருக்கு, முதல்ல ஆஸ்பத்திரியா குடிதண்ணி மோட்டாரா, வெளியூருலேந்து வர்ற லைன்மேனுங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படுக்கணும், ஆபீசு தண்ணியில மூழ்கிட்டா எந்த மாடியில ஆபீசு நடக்கணும், எல்லாம் அதுல இருக்கு. கலெக்டர் ஆபீசுலேந்தே ஆளு வந்து பாத்துட்டுப் போனாங்களாம்.

அந்த நோட்டுல ஏழாம் பக்கம் ஜெனரேட்டருக்கு. வீட்டுல ஜெனரேட்டர் ஓட்டுறவன் வயர சரியா பிரிக்கலைன்னா, அந்தக் கரண்ட்டு வீட்டு வயர் வழியா பின்னாடியே போயி டிரான்ஸ்பார்மர்ல ஏறி, பெருசாகி, மேல் லைனுக்குப் போயிடும். ஊரே இருட்டா இருக்கேன்னு கம்பத்துல கை வைக்கிறவன் காலி. அதுனால லைன்மேன் ஏறுறதுக்கு முன்னாடி ஊருல உள்ள ஒவ்வொரு ஜெனரேட்டரையும் நிறுத்தி, இழுக்குற கயித்துல செவப்புத் துணி முடிச்சு போட்டு, லிஸ்டுல டிக் அடிக்கணும். எறங்கி வந்து அவனேதான் அவுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது.

இந்தத் தடவை புயல் அடிச்ச ஆறாம் நாள், லைன்மேன் பரிதி ஒன்பது முடிச்சு போட்டான், ஒன்பது டிக் அடிச்சான், ஏறினான். பதினொண்ணு பத்துக்கு கம்பத்து மேலேயே போயிட்டான். முப்பத்தொரு வயசு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சங்கம் என்ன முடிவு பண்ணிச்சுன்னா, ஊருல இருக்குறது ஒன்பதே ஜெனரேட்டர், ஒன்பதுல ஒண்ணு ஓடியிருக்கு, அதைப் பாக்காமலே பரிதி டிக் அடிச்சிருக்கான். புயல் நோட்டோட புதுப் பதிப்புல 'பாடம்'னு ஒரு பக்கம் சேக்குறாங்க. அதுல முதல் பாடமே பரிதிதான். பேரு, வயசு, செஞ்ச தப்பு. பதினோரு ஊரு ஆபீசுலயும் அது தொங்கும், புதுசா சேர்ற ஒவ்வொருத்தனுக்கும் வாசிச்சுக் காட்டுவாங்க. நாளைக்கிக் கமிட்டி கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான்.

பரிதியோட அப்பா முருகையன், நாத்துக்கட்டு தூக்கித் தூக்கி தோளு ஒரு பக்கமா சாஞ்ச மனுஷன், பஸ் ஏறி தஞ்சாவூருக்கு வந்தது அதுக்காகத்தான். எம்மவன் பாக்காம டிக் அடிக்கிற புள்ளை இல்லைம்மா, பத்தாவதா ஒண்ணு இருந்திருக்கு, அதைக் கண்டுபிடிங்க, அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சுக் குடுங்க, அது போதும்னாரு.

இப்ப முடிச்சு சொல்லுது, அவரு சொன்னது நெசம்னு. கம்பத்துக்கு இழுவைக் கம்பி கட்டுற மாதிரி, துணியோட வால உள்பக்கமா மடிச்சு அழுத்துற முடிச்சு, அவுத்துட்டுத் திரும்பப் போட ஊருல வேற யாருக்கும் வராது. நாப்பது நாளாச்சு, ஒன்பது வீட்டுலயும் அப்படியே இருக்கு. செத்தவன் போட்ட முடிச்சை அவுக்க யாருக்கும் கை வரலை. லைன் சரியாகுற வரைக்கும் மெழுகுவத்தி வச்சு ஓட்டிக்கிட்டு, ஜெனரேட்டர் பக்கமே போகலையாம்.

"அப்ப பத்தாவது எங்கடா?"ன்னு பிரகதாம்பாள் கேட்டாங்க.

வைரக்கண்ணு அதுக்கு ஒரு பதில் வச்சிருந்தான், ஆனா வெளிய தெருவுல போன ஆட்டோ அதை முழுங்கிடுச்சு. கூம்பு ஸ்பீக்கர் கட்டி ஒருத்தன் கத்திக்கிட்டே போறான். மேலத்தெரு காளியம்மன் கோயில்ல வர்ற வெள்ளிக்கெழமை விசேஷ பூஜை, கரண்ட்டே இல்லாத காலத்துல ஆத்தா தானா மேளம் அடிச்ச அதிசயம், எல்லாரும் வந்து அருள் பெறணும்னு.

பிரகதாம்பாள் கொட்டாய் வாசல்லயே நின்னுட்டாங்க. வைரக்கண்ணுவும் நின்னான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க.

"மேடம், ஆத்தாவுக்கு இ.பி. கனெக்‌ஷன் வேணாம் போலருக்கு"ன்னான் அவன்.

"வாயை மூடிக்கிட்டு வண்டிய எடு."

பூசாரி தியாகேசனைக் கண்டுபிடிக்க நேரம் ஆகலை. கோயில் வாசல்லயே பந்தக்கால் நட்டுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு இந்தக் கதைய நூறு பேருகிட்ட சொல்லிச் சொல்லி நல்லா மெருகு ஏறியிருந்துச்சு. பிரகதாம்பாள் குறுக்க குறுக்க கேள்வி போட்டு அந்த மெருகை எல்லாம் தேச்சு எடுத்தாங்க. மிச்சம் இவ்வளவுதான். புயல் அன்னிக்கிச் சாயந்தரம் தீபாராதனை நேரம். செவத்துல மாட்டியிருக்குற கரண்ட்டு மேளம், மோட்டார்ல ஓடுறது, மணியும் தாளமும் சேந்து அடிக்கிறது, அது முழங்கிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட்டு போயிடுச்சு. காத்து பிச்சுக்கிட்டு வருது. தியாகேசன் தட்டை வச்சுட்டு ஓடிட்டாரு. மேளத்து சுவிட்சை அணைக்கலை. ராத்திரியோட ராத்திரியா வேப்பமரம் விழுந்து கோயில் வாசல அடைச்சுடுச்சு. ஆறு நாளு உள்ள ஒரு ஆளு போக முடியலை.

ஆறாம் நாளு, மரத்தை அறுத்துக்கிட்டு இருக்கும்போது உள்ளேந்து சத்தம். மேளம் ரெண்டு தட்டு. மணி ஒண்ணு. அப்புறம் ஒரு முக்கல். நின்னுபோச்சு. ஆளுங்க அருவாளைப் போட்டுட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள தெருமுனையிலேந்து கத்துறாங்க, பரிதி கம்பத்துல தொங்குறான்னு. ஆத்தா அவனை எடுத்துக்கப் போறேன்னு மேளம் அடிச்சுச் சொன்னதா ஊரு நம்பிடுச்சு.

பிரகதாம்பாள் கோயிலுக்குள்ள பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்தாங்க. சாமி மேல அவங்களுக்குக் கோவம் இல்லை. யாரோ குடுத்த கரண்ட்டுலதான் மேளம் அடிச்சிருக்கு, அந்த யாரோ இந்தத் தெருவுக்குள்ளதான் இருக்கான். பத்து செகண்டு குடுத்திருக்கான். சின்ன ஜெனரேட்டர், ஊரு மொத்தத்தையும் இழுக்க முடியாம மூச்சு முட்டி நின்னிருக்கு. அந்தப் பத்து செகண்டு போதும்.

மேலத்தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர், கோயிலோட சேத்து பன்னெண்டு கனெக்‌ஷன். வீடு வீடா போயி கேட்டா எவன் ஒத்துக்குவான். மணி நாலாச்சு. வைரக்கண்ணு தெருவுல மல்லாக்கப் படுத்தவன் மாதிரி தலைய அண்ணாந்துக்கிட்டு நின்னான். அவங்க என்னடான்னு கேக்க, மேடம் மேல பாருங்கன்னான்.

கம்பத்துலேந்து வீட்டுக்கு வீடு வயர் போகுது. எல்லாம் கருப்பு, எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு. புயல்ல அறுந்துபோயி புதுசா இழுத்தது. அன்னிக்கி அந்த வீடுகள்ல எவன் ஜெனரேட்டர் ஓட்டியிருந்தாலும் அந்தக் கரண்ட்டு வாசலத் தாண்டியிருக்காது, போக வழியே இல்லை. கோயிலுக்குப் போற வயரு மட்டும் பழசு, வெயில்ல வெளுத்து சாம்பலாட்டம். அது அறுகலை. அதே மாதிரி வெளுத்த வயரு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் தெருவுல. புயலே தொட முடியாதபடி, ரெண்டு எடத்துல முட்டுக்கம்பி குடுத்து, யாரோ ஆசையா இழுத்துக் கட்டினது.

"மாட்டினான் மேடம். டிக்கெட் கிழிச்சுட வேண்டியதுதான்."

கம்பத்தடியில தமிழ்மாறன் நின்னான். பரிதியோட கூட்டாளி லைன்மேன், அன்னிக்கிக் கீழ நின்னு கயிறு பிடிச்சவன். இப்ப இந்தப் பக்கத்து லைன் எல்லாம் அவன் தலையிலதான். வேலை செய்யுறதுக்கு முன்னாடி, தப்பி வர்ற கரண்ட்டு ஆளை அடிக்காம மண்ணுல எறங்கட்டும்னு, லைனை மண்ணோட சேத்துக் கட்டுற சங்கிலி மூணு செட்டுதான் இருந்துச்சாம். வெளியூருலேந்து நமக்காக வந்தவங்க முதல்லன்னு பரிதி மூணையும் அவங்ககிட்ட குடுத்துட்டானாம். அதைச் சொல்லிட்டு தமிழ்மாறன் தரையையே பாத்துக்கிட்டு இருந்தான். வைரக்கண்ணு அவன் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு, அந்த வெளுத்த வயரைக் காட்டி, இவ்வளவு நேத்தியா இழுத்தது யாரு வேலைன்னு கேட்டான்.

தமிழ்மாறன் அண்ணாந்து பாத்தான்.

"பரிதி அண்ணன்தான். அது அவங்க வீடு."

பிரகதாம்பாள் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அந்த வீட்டைப் பாத்து நடந்தாங்க. வைரக்கண்ணு பின்னாடியே போனான். திரும்பிப் போயிடலாம் மேடம்னு சொல்லணும்னு இருந்துச்சு.

பரிதியோட அம்மா கண்ணாத்தாள் வாசல்ல உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. இவங்களைப் பாத்ததும் எழுந்து, வாங்கம்மா, வாங்க தம்பின்னு பாயை விரிச்சாங்க. முருகையன் கடைக்குப் போயிருக்காரு, உங்களுக்கு சோடா வாங்கத்தான், கோயில் பக்கம் வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டதும் கெளம்பிட்டாருன்னு சொன்னாங்க. இருக்குறதுலேந்தே எதையாவது குடுத்துக்கிட்டே இருக்குற வீடு அது.

பிரகதாம்பாள் சுத்தி வளைக்கலை. வெளியூரு லைன்மேனுங்க பதினாலு பேருக்கு அன்னிக்கி யாரு சமைச்சாங்கன்னு கேட்டாங்க.

நாங்கதாம்மான்னு அந்த அம்மா சொன்ன விதத்துல இன்னும் கொஞ்சம் பெருமை இருந்துச்சு. மதுரைப் பக்கத்துப் புள்ளைங்க, நம்ம ஊருக்காக வந்து மழையில நனைஞ்சுக்கிட்டு கம்பம் நடுதுங்க, அஞ்சு நாளா ரவை உப்புமாவே தின்னு வாய் செத்துப்போச்சு. பரிதி காலையில போகும்போது சொல்லிட்டுப் போனான், அம்மா, நாளைக்கி அவங்களுக்கு இட்டிலி போட்டுக் குடேன்னு. மூணு படி அரிசி ஊறப் போட்டாச்சு. ஆட்டுக்கல்லு மேல தென்னமரம் கெடக்கு. கிரைண்டருக்குக் கரண்ட்டு இல்லை.

"அதுக்கு என்னம்மா பண்ணீங்க?"

கீவளூர்ல தம்பி இருக்கான், அவனுக்குச் சொல்லிவிட்டேன், பத்தரை மணிக்கு குட்டியானை வண்டியில அவன் ஜெனரேட்டரைக் கொண்டாந்து எறக்கினான்னு அந்த அம்மா சொன்னாங்க. பரிதி அதுக்கு ரொம்ப முன்னாடியே கெளம்பிட்டான். முருகையனும் வீட்டுல இல்லை, வெளியூரு ஆளுங்களோட கயிறு இழுக்கப் போயிட்டாரு. போன புயலப்ப பரிதி ஒரு வயரு செஞ்சு வச்சிருந்தான், ரெண்டு பக்கமும் பிளக்கு இருக்கும். ஒண்ணை ஜெனரேட்டர்ல சொருகி ஒண்ணைச் செவத்துல சொருகிட்டா வீடு பூரா எரியும். அதைத் தேடி எடுத்துச் சொருகினேன். கிரைண்டர் ஒரு சுத்து சுத்துச்சு, முக்குச்சு, நின்னுபோச்சு. ஜெனரேட்டரும் அணைஞ்சுபோச்சு. பெட்ரோல் சரியில்லை போலருக்குன்னு தம்பி திட்டிக்கிட்டே இருந்தான். அப்பத்தான் தெருவுல சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எங்க கிரைண்டர், எங்க அரிசி. அந்த அரிசி அப்படியே ஊறிப் புளிச்சுக் கெடந்து, மூணாம் நாளு யாரோ கொட்டினாங்க. ஜெனரேட்டரைத் தம்பி எப்ப தூக்கிட்டுப் போனான்னே எனக்குத் தெரியாது.

"இதை நீங்க யாருகிட்டயும் சொல்லலையாம்மா?"

"யாரும் கேக்கலியேம்மா. அது கிரைண்டருக்குதானே. நாங்க லைனுக்கா குடுத்தோம்?"

பிரகதாம்பாள் மெதுவா கடைசி கேள்வியக் கேட்டாங்க. பரிதி வீட்டுல இருக்கும்போது அந்த வயரைச் சொருகுறதுக்கு முன்னாடி வேற ஏதாவது செய்வானான்னு.

கண்ணாத்தாள் யோசிச்சாங்க.

"மீட்டர் பெட்டியிலேந்து ஒரு வெள்ளைக் கட்டைய உருவி சட்டைப் பையில போட்டுப்பான். ஒவ்வொரு தடவையும். என்னடா அதுன்னு கேட்டா, நான்தான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கும்மாம்பான்."

வாசல்ல சோடா பாட்டில் ஒண்ணோட ஒண்ணு மோதுற சத்தம். வைரக்கண்ணு திரும்பிப் பாத்தான். முருகையன் நின்னுக்கிட்டு இருந்தாரு. எவ்வளவு நேரமா நின்னாருன்னு தெரியாது. ஆனா எல்லாத்தையும் கேட்டிருந்தாரு. அந்த ஃப்யூஸ் கட்டைய உருவலைன்னா கரண்ட்டு வெளிய லைனுக்கு ஏறிடும்னு புயலுக்கு முன்னாடி மவன் ஒன்பது வீட்டுல சொல்லிக்கிட்டுப் போனதைப் பின்னாடியே நடந்து கேட்டவரு அவரு. அவங்க வீட்டுலதான் அவன் சொல்லலை. லைன்மேன் வீட்டுக்கு என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டான். சொந்தமா ஜெனரேட்டர் இல்லாததால ஏழாம் பக்கத்துலயும் அந்த வீடு இல்லை.

அவரு சோடாவைக் கீழ வச்சாரு. பொஞ்சாதிகிட்ட உள்ள போயி கிளாஸ் கொண்டான்னாரு. அந்த அம்மா போனதும் பிரகதாம்பாள் பக்கத்துல வந்து, காதுகிட்ட பேசுற மாதிரி பேசினாரு.

"கெடைக்கலைன்னு சொல்லிடுங்கம்மா."

"நாளைக்கிக் கையெழுத்து ஆயிடும். பதினோரு ஊருலயும் உங்க மவன் பேரு தப்பா ஏறிடும்."

"ஏறட்டும். அவன் போயிட்டான். இவ இருக்கணும்ல."

வைரக்கண்ணு பொறுக்க மாட்டாம சொல்லிட்டான். நெசத்தைச் சொல்லலைன்னா அடுத்த புயலுக்கும் இதே ஏழாம் பக்கம்தான், வெளியூரு ஜெனரேட்டர் வந்து எறங்குனா எவனுக்கும் தெரியாது, தமிழ்மாறன் ஏறுவான், அவனுக்கும் அம்மா இருக்காங்கன்னு. முருகையன் அவனை ஏறிட்டுப் பாத்தாரு. கை ரெண்டையும் சேத்துக் கும்பிட்டாரு, அவ்வளவுதான். இவன் அப்பா வயசு மனுஷன்.

பிரகதாம்பாள் போனை எடுத்து வேலி ஓரமா போனாங்க. சங்கத்துச் செயலாளர் தமிழரசன்தான் எடுத்தாரு. பத்தாவது ஜெனரேட்டர் கெடைக்கலைன்னாங்க. அவரு நான்தான் அப்பவே சொன்னேனேன்னாரு. சரி, அந்த ஏழாம் பக்கத்துல ஒரு வரி மட்டும் சேத்துக்கங்க சார்னு கேட்டாங்க. லிஸ்டுல உள்ளதை மட்டும் பாத்தா போதாது, ஏறுறதுக்கு முன்னாடி லைன்மேன் வீடு உட்பட ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டியிலயும் கட்டைய உருவணும்னு. தமிழரசன் மரியாதையாத்தான் பேசினாரு. நாளைக்கிக் கூட்டத்துக்கு அச்சாகி வந்தாச்சும்மா, ஒரு வரி சேக்கணும்னா புதுசா தீர்மானம் போடணும், காரணம் எழுதணும், காரணம் என்னன்னு போடட்டும்னு கேட்டாரு.

பிரகதாம்பாள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

"ஒண்ணுமில்லை சார்"னு சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பொய்ய டைப் அடிச்சவங்க வாயில, வைரக்கண்ணு முதல் தடவையா பொய் கேட்டது அந்தப் போன்லதான். எந்த வார்த்தையும் தடுக்கவே இல்லை.

தமிழ்மாறன்கிட்ட நான் தனியா சொல்லிக்கிறேன் மேடம்னு வைரக்கண்ணு சொன்னான். என்னத்தைடா சொல்லுவேன்னு அவங்க கேட்டாங்க. ஏன்னு தமிழ்மாறன் கேப்பான். கேட்டா இவன் என்ன சொல்லுவான்.

கண்ணாத்தாள் கிளாஸோட வந்தாங்க. சோடாவை ஊத்திக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் குடிச்சாங்க, குடிக்காம எழுந்தா அந்த அம்மா விடாது. எழுந்து நின்னப்பதான் அவங்க கேட்டாங்க, ஏதாச்சும் தெரிஞ்சுச்சாம்மான்னு. பிரகதாம்பாள் தலைய ஆட்டினாங்க, இல்லைன்னு. முருகையன் பாயைச் சுருட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு.

அந்த அம்மா பிரகதாம்பாளோட கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

"விட்டுடாதீங்கம்மா. எவ்வளவு நாளானாலும் சரி. அது எவனா இருந்தாலும் எவளா இருந்தாலும் எம்முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்க. நான் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். எம்புள்ளை எறங்கி வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம அன்னிக்கி உனக்கு அப்படி என்ன அவசரம்னு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

வைரக்கண்ணு வண்டிய எடுக்கப் போனான். சட்டைப் பையில தேடினான், பேன்ட்டுல தேடினான், சீட்டைத் தூக்கிப் பாத்தான். சாவி அவன் கையிலதான் இருந்துச்சு.